மும்பையின் நிலநடுக்க அபாயமும் நம் கட்டடங்களின் தரைத்தளத் தூண்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைக்கு வடக்கே உள்ள பால்கர் மாவட்டத்தின் டஹாணு, தலாசரி வட்டாரங்களில் லேசான நிலநடுக்கம் உணரப்பட்டது, சேதம் எதுவும் இல்லை என்ற செய்தி 2018 நவம்பருக்குப் பிறகு நாளிதழ்களின் உள்பக்கங்களில் நான்கைந்து வரிகளில் அவ்வப்போது வந்துபோகிறது. மும்பையில் வாழும் தமிழர்கள் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மழை வெள்ளமும் ரயில் நெரிசலும் நமக்கு அன்றாடம். நிலநடுக்கம் குஜராத்துக்கும் இமயமலைக்கும் உரியது என்று எண்ணுகிறோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்நகரத்திலும் நவி மும்பையிலும் கட்டட வேலைகளில் சைட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், ஆபத்து நிலத்தைவிட அதிகமாக நம் வீடுகளின் அடியில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

1967 டிசம்பர் 11 அன்று அதிகாலை நான்கு மணி இருபது நிமிடம் அளவில் கொய்னாநகரை உலுக்கிய நிலநடுக்கம் எனக்குச் சிறுவயது நினைவாக இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்பில் பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில் நாங்கள் ஏழு பேர் குடியிருந்தோம். பரணில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசி ஒலித்ததில்தான் விழித்தேன். வெளியே வந்து நின்ற பெரியவர்கள் விடியும்வரை உள்ளே திரும்பவில்லை. சாத்தாரா மாவட்டத்தில் அன்று ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். ரிக்டர் அளவில் 6.3 என்று பதிவான அந்த அதிர்வை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மும்பை முழுவதும் உணர்ந்தது. 1962-க்குப் பிறகு கொய்னா அணையில் நீரைத் தேக்கத் தொடங்கியதும், அந்த நீரின் எடையும் பாறை விரிசல்களுக்குள் கசிந்து இறங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து, ஏற்கெனவே இறுக்கத்தில் இருந்த பிளவை நழுவச் செய்தன என்பதே இன்று உலக அளவில் ஏற்கப்பட்டுள்ள விளக்கம். நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்ட நிலநடுக்கம் என்றாலே அறிவியல் நூல்கள் முதலில் எடுத்துக்காட்டுவது நம் மகாராஷ்டிரத்துக் கொய்னாவைத்தான். அந்தப் பகுதியில் அதிர்வுகள் இன்றும் ஓயவில்லை.

தக்காணப் பீடபூமி பழமையான, உறுதியான பாறை, அங்கே பெரிதாக ஒன்றும் நேராது என்ற நம்பிக்கையைக் கொய்னா அசைத்தது என்றால், கில்லாரி என்ற ஊரில் நேர்ந்த நிலநடுக்கம் அதை முற்றாகத் தகர்த்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, அனந்த சதுர்த்தசியன்று பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களின் ஊர்கள் மண்ணோடு மண்ணாகின. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அளவு 6.2 மட்டுமே. மண் குழைத்துக் கட்டிய தடித்த கருங்கல் சுவர்களும், அவற்றின் மேல் ஏற்றியிருந்த கனத்த மண் கூரைகளும் தூங்கியவர்கள் மீது சரிந்ததால்தான் அத்தனை உயிர்கள் போயின. நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் கில்லாரி அன்று முதல் மண்டலத்தில், அதாவது அபாயம் மிகக் குறைவு என்று கருதப்பட்ட மண்டலத்தில் இருந்தது. 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு தன் விதித்தொகுப்பைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்ற பிரிவையே நீக்கிவிட்டது. அந்த 2002 வரைபடத்தில் மும்பை மூன்றாம் மண்டலத்தில், மிதமான அபாயம் என்ற பிரிவில் வைக்கப்பட்டது. ‘மிதமான’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிம்மதியடைபவர்கள், அதனினும் குறைந்த மண்டலத்தில் இருந்த கில்லாரி என்ன ஆனது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் மும்பைவாசிகளுக்குக் கில்லாரியைவிட நெருக்கமான பாடம் அகமதாபாத். 2001 குடியரசு தினத்தன்று காலை 8.46 மணிக்குக் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் குலுங்கியது. பூஜ், பச்சாவு, அஞ்சார் ஆகிய ஊர்கள் அழிந்ததை நாம் அனைவரும் அறிவோம். அதே காலையில், நிலநடுக்க மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த அகமதாபாத்தில், நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டிக் குடியேறிய பல மாடிக் கான்கிரீட் கட்டடங்கள் பல விழுந்து ஏறத்தாழ 750 பேர் இறந்ததை அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை. நம்மவர்கள் கணிசமாக வாழும் மணிநகர்ப் பகுதியும் அதில் தப்பவில்லை. சில மாதங்கள் கழித்து, நான் அப்போது வேலை செய்த நிறுவனத்தின் பொறியாளர்களோடு அங்கே சென்று, இடிபாடு அகற்றப்படாத சில கட்டடங்களைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கட்டடங்களில் ஒன்று விழுந்திருக்கும், மற்றொன்று நிற்கும். விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்பு: தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் வெறும் தூண்களாக விடப்பட்டிருந்தது, அதன் மேல் செங்கல் சுவர்கள் நிறைந்த நான்கு மாடிகள், சில இடங்களில் பத்து மாடிகள்.

இதன் இயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மும்பைக்கு இதுதான் உயிர்நாடியான விஷயம். நிலம் பக்கவாட்டில் அசையும்போது, சுவர்கள் உள்ள மேல் மாடிகள் ஒரு பெட்டிபோல ஒன்றாகச் சேர்ந்து ஆடும். சுவரில்லாத தரைத்தளம் மட்டும் தளர்வாக இருப்பதால், வளைய வேண்டிய வளைவு முழுவதும் அந்த ஒரே தளத்தின் தூண்களில் வந்து குவியும். தூணின் உச்சியிலும் அடியிலும் கான்கிரீட் நொறுங்கும். உள்ளே நிற்கும் நெட்டுக் கம்பிகளை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டிய வளையக் கம்பிகள், அதாவது சைட்டில் நாங்கள் ‘ரிங்’ என்று சொல்பவை, வாய் பிளந்துவிட்டால் நெட்டுக் கம்பிகள் புடைத்து வெளியே வரும். பிறகு முழுக் கட்டடமும் ஒரு மாடி கீழே இறங்கி உட்காரும். நிலநடுக்கப் பகுதிகளுக்கான 1993-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, தூணின் இரு முனைகளிலும் ரிங்குகளை நூறு மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், அவற்றின் கொக்கிகளைச் சாதாரணச் செங்கோணத்தில் விடாமல் 135 பாகை வளைத்துக் கான்கிரீட்டின் உள்ளே திருப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. கம்பி கட்டுபவருக்கு ஒரு ரிங்குக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். என் பணிக்காலத்தில் அந்த அரை நிமிடத்தைக் கேட்டு வாங்க நான் பட்ட பாடும், கேட்காமல் விட்டுவிட்ட நாள்களும் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளுக்கு முன்பு கட்டிய கட்டடங்களில் இந்த ஏற்பாட்டை நான் பார்த்ததே அரிது.

இனி மும்பையின் நிலத்துக்கு வருகிறேன். ஏழு தீவுகளாக இருந்த ஊரை, இடையே இருந்த ஓடைகளையும் சேற்று நிலங்களையும் கடலையும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தூர்த்துத் தூர்த்து ஒரே நிலமாக்கியிருக்கிறார்கள். மலபார் ஹில்லுக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. மாஹிம் ஓடையை ஒட்டிய தாராவிக்கும், மித்தி ஆற்றின் கரைகளுக்கும், பேக்பே நிரப்பு நிலத்துக்கும் அடியில் இருப்பது சேறும் மண்ணும் நிரப்பிய கழிவும். இளகிய மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும்; நீர் ஊறிய மணலாக இருந்தால் குலுக்கலில் சேறுபோல இளகி, மேலே உள்ள கட்டடத்தைத் தாங்கும் வலுவையே இழந்துவிடும். 1985-இல் மெக்சிகோ நகரம், முன்னூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்ததற்குக் காரணம், அது ஒரு பழைய ஏரியின் படுகையில் கட்டப்பட்டிருந்ததுதான். தாராவியின் சதுப்பில் மண்ணையும் குப்பையையும் தேங்காய் மட்டையையும் கொட்டித் தாங்களே நிலம் உண்டாக்கிக் குடியேறியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர்கள் என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

மும்பைக்கு அருகிலேயே பெரிய அதிர்வு எழ முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தானே, ராய்கட் பகுதிகளில் எரிமலைக் குழம்புப் பாறை அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்து வளையும் ‘பன்வெல் வளைவு’ என்ற அமைப்பை நிலவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். வஜ்ரேஸ்வரியிலும் கணேஷ்புரியிலும் நம் குடும்பங்கள் நித்தியானந்தர் சந்நிதிக்குப் போகும்போது நீராடுகிற வெந்நீர் ஊற்றுகள், கொங்கண் கரையோரமாக ஒரு வரிசையில் அமைந்திருப்பதே பாறைக்குள் ஆழமான பிளவுகள் இருப்பதைக் காட்டுகிறது. பால்கரில் ஆயிரக்கணக்கான சிற்றதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. 2019 பிப்ரவரி 1 அன்று 4.1 அளவு அதிர்வின்போது வீட்டைவிட்டு ஓடிய இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கல்லில் விழுந்து இறந்தது. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காகும் என்பதால், நான்கு அளவு அதிர்வுகள் எத்தனை வந்தாலும் பெரியது ஒன்றின் இறுக்கத்தை அவை தணித்துவிடும் என்று சிலர் சொல்லும் ஆறுதலுக்கு அடிப்படை இல்லை. எப்போது, எங்கே என்று எந்த அறிவியலாளரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வராது என்றும் சொல்லவில்லை.

கடலைப் பற்றியும் ஒரு சொல். 1945 நவம்பர் 28 அதிகாலை பலுசிஸ்தானின் மக்ரான் கரையோரம் 8.1 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, சில மணி நேரம் கழித்து மும்பைக் கரையை ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் வந்தடைந்தது. இங்கும் உயிர்கள் போயின. 1618-இல் பம்பாய்த் தீவுகளில் நேர்ந்த பேரழிவைச் சில பட்டியல்கள் நிலநடுக்கம் என்று குறித்தாலும், அது புயலாகவே இருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து; ஆகவே அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2004-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த நமக்கு ஆழிப்பேரலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் தேசிய எச்சரிக்கை மையம் மக்ரானையும் சுமத்ராவையும் இடைவிடாது கண்காணிக்கிறது என்பதால், கடலிலிருந்து வரும் ஆபத்துக்காவது சில மணி நேரம் முன்னறிவிப்பு கிடைக்கும். நிலத்திலிருந்து வருவதற்கு அது கிடையாது.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டடம் 1984-இல் கட்டப்பட்டது. நான்கு மாடி, தரைத்தளத்தில் பாதி கடைகள், பாதி திறந்த தூண்கள். முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் ஆய்வு, கட்டாயம் என்ற மாநகராட்சிச் சட்டப்படி எங்கள் சொசைட்டியும், அதாவது கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கமும், ஒரு பொறியாளரை அமர்த்தியது. அவர் சுத்தியல் போன்ற கருவியால் கான்கிரீட்டின் வலுவைச் சோதித்தார், கம்பி துருப்பிடித்த இடங்களைக் குறித்தார், மழைநீர் கசியும் இடங்களைப் படம் எடுத்தார். அறுபது பக்கத்துக்கு மேல் வந்த அறிக்கையில் நிலநடுக்கம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் நான் அதைக் கேட்டபோது, மும்பைக்கு அதெல்லாம் வராது, கேட்பதும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. அதைவிட வருத்தம் தந்தது, தரைத்தளக் கடை ஒன்றில் இடத்தை அகலப்படுத்துவதற்காக இடைச்சுவரை முழுவதும் அகற்றி, ஒரு தூணின் மேல்பூச்சை அலமாரி பொருத்துவதற்காகக் கம்பி தெரியும் அளவுக்குச் செதுக்கியிருந்ததை அந்த அறிக்கை ‘சிறு மாற்றம்’ என்று ஒரே வரியில் கடந்து சென்றதுதான். 2017 ஜூலையில் காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிலம் அசையாமலேயே சரிந்து 17 பேர் இறந்தபோது, தரைத்தளத்தில் செய்த மாற்றங்களே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்ததை அந்தக் கூட்டத்தில் இருந்த அனைவரும் அறிவார்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தம் சொந்த எடையையே தாங்க முடியாமல் விழும் கட்டடங்கள் உள்ள நகரம் இது. முப்பது நொடிப் பக்கவாட்டுக் குலுக்கலை அவை எப்படித் தாங்கும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏற்கெனவே கட்டப்பட்ட கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை எப்படி மதிப்பிடுவது, எப்படி வலுப்படுத்துவது என்பதற்கென்றே 2013-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 15988 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. தரைத்தளத் தூண்களைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுத் தடிமனாக்குவது, திறந்த தளத்தின் சில இடைவெளிகளில் அடித்தளத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்புவது, எஃகுத் தாங்கிகளைக் குறுக்காகப் பொருத்துவது என்று முறைகள் பல உள்ளன. பத்து வண்டிகளை வெளியே நிறுத்த வேண்டியிருக்கும். அதற்குத்தான் உறுப்பினர்கள் மறுக்கிறார்கள். பெயின்ட் அடிக்கவும் மொட்டைமாடியில் தண்ணீர் கசியாமல் தடுப்புப் பூச்சு போடவும் தயங்காமல் பணம் தரும் நாம், அதே சாரம் கட்டியிருக்கும்போதே தூண்களையும் வலுப்படுத்திவிடலாம் என்று கேட்பதில்லை. ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அறிக்கையில் நிலநடுக்க மதிப்பீட்டையும் ஒரு கட்டாயப் பகுதியாக்கும்படி மாநகராட்சியையும் மாநில அரசையும் உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்டுக்குப் போகும் சொசைட்டிகளிலும், தாராவியின் மறுகட்டுமானத்திலும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் எத்தனை சதுர அடி, எத்தனை மாத வாடகை, எந்த மாடி என்பவைதான். அவை நியாயமான கேள்விகள். தலைமுறை தலைமுறையாக ஒற்றை அறையில் வாழ்ந்தவருக்கு அடி ஒவ்வொன்றும் பொன். ஆயினும், சேற்று நிலத்தின் மேல் இருபது, முப்பது மாடி எழும்போது மண் பரிசோதனை எத்தனை மீட்டர் ஆழம்வரை செய்யப்பட்டது, அடித்தளத் தூண்கள் பாறையைத் தொடுகின்றனவா, வடிவமைப்பை வேறொரு நிறுவனத்தின் பொறியாளர் சரிபார்த்தாரா என்பவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பில்டர் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில். 2023 பிப்ரவரியில் துருக்கியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு அபராதம் வாங்கிக்கொண்டு அரசு அளித்துவந்த பொதுமன்னிப்பே அந்நாட்டில் பெரும் விவாதமானது. விதிமீறல்களை வரன்முறைப்படுத்துவதை இங்கே தேர்தல்தோறும் வாக்குறுதியாகக் கேட்கும் நாம் அதைக் கவனிக்காமல் இருக்கலாகாது.

நம் மொழியில் இதைச் சொல்ல ஆளில்லை என்பதும் ஒரு குறை. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு, குலுக்கல் தொடங்கியதும் படிக்கட்டை நோக்கி ஓடாமல் உறுதியான மேசையின் கீழ் குனிந்து தலையை மறைத்துக்கொண்டு மேசைக்காலைப் பற்றிக்கொள்ள வேண்டும், ஆட்டம் நின்ற பிறகே சமையல் வாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும், லிப்டைத் தொடக்கூடாது என்பவற்றைத் தமிழில் பயிற்சியாகச் செய்துகாட்ட வேண்டும். பேரிடர் நேரத்தில் மாநகராட்சியை அழைக்க 1916 என்ற எண் இருக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. பொங்கல் விழாவுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் ஆயிரக்கணக்கில் கூடும் நம் மக்களிடம் மேடையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இதைச் சேர்த்துவிடலாம். தமிழ்ச் சங்கங்கள் இதை முன்னெடுக்க வேண்டும்.

எங்கள் சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. மேற்சொன்ன 2013-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி கட்டடத்தை மதிப்பிடுவது, செதுக்கப்பட்ட தூணை உடனே செப்பனிடுவது ஆகிய இரண்டையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி எழுத்தில் கொடுத்திருக்கிறேன்; இதுவரை மூன்று உறுப்பினர்கள் என்னோடு கையொப்பமிட்டிருக்கிறார்கள். மும்பை, தானே, நவி மும்பை வாசகர்களில் எவருடைய சொசைட்டியாவது இத்தகைய மதிப்பீட்டையோ வலுப்படுத்தலையோ செய்து முடித்திருந்தால், எவ்வளவு செலவானது, எத்தனை மாதம் ஆனது, குடியிருந்தபடியே வேலை செய்ய முடிந்ததா என்பவற்றை இந்தப் பகுதிக்கு எழுதினால், கூட்டத்தில் எங்கள் உறுப்பினர்கள் முன் வைப்பதற்கு அது எனக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
செம்பூர், மும்பை.